உங்கள் கார்ட்டூன் குட்டியைச் சஞ்சிகையாகவும் பையாகவும் விற்க: மலையகத்தில் தொடங்குபவருக்கு

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் முதல் இதழ் இன்னும் இரண்டு பெட்டி கிடக்கிறது. ஈரம் குடித்து ஓரம் சுருண்டுவிட்டது. பக்கத்தைப் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிகிறது. எறிய மனம் வரவில்லை.

கதை இதுதான். ஹட்டன் பக்கம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஐந்து நிமிடக் கார்ட்டூன் கதைகள் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். கொழுந்துக் கூடை மாட்டிய ஒரு சிறுத்தைக் குட்டிதான் கதாநாயகன். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் பார்த்தார்கள், "இது புத்தகமா வராதா?" என்று தாய்மார் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் மயங்கி, ஒரே மாதத்தில் சஞ்சிகை, ஸ்டிக்கர், பாடசாலைப் பை, டீஷர்ட் என்று எல்லாவற்றுக்கும் ஓடர் கொடுத்தோம். கடதாசி வேலை எதையும் செய்யவில்லை. பிறகு ஒன்றரை வருடம் அதையெல்லாம் தலைகீழாகச் செய்து முடித்தோம். நீங்கள் நேராகச் செய்யுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் சொந்தப் பாத்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களைப் பையில் அடித்து விற்கும் யோசனை இருந்தால் இது உங்களுக்கு உதவாது. அதற்கு உரிமைக்காரரின் எழுத்து அனுமதி வேண்டும். கொழும்புப் புறக்கோட்டையில் எல்லோரும் விற்கிறார்களே என்பது அனுமதி ஆகாது.

1. படம் யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் இது. ஒரு ரூபா செலவழிக்கும் முன் இது.

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் வரையப்பட்ட கணத்திலிருந்தே அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த உரிமை வரைந்தவருடையது. அவர் உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் கதை வேறு. நம் ஊரில் அப்படி யார் வைத்திருக்கிறோம்? தெரிந்த பையன் ஒருவனிடம் சொல்லி, கையில் காசு கொடுத்து வரைந்து வாங்குகிறோம். காசு கொடுத்ததால் படம் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். எழுத்தில் கையெழுத்துப் போட்டு உரிமையை மாற்றித் தராதவரை அது அவருடையதுதான்.

எங்கள் ஓவியர் தங்கமான பிள்ளை. சஞ்சிகை வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பை வந்த அன்று அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீடியோவுக்குத்தானே வரைஞ்சு தந்தேன்?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு மாதம் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அந்தப் பேச்சைத்தான் பேசினோம்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எந்தெந்தப் பாத்திரங்கள், ஒவ்வொன்றின் படமும் இணைப்பாக, வீடியோ, சஞ்சிகை, துணி, பை, விளையாட்டுப் பொருள் என எவற்றில் பயன்படுத்தலாம், மொத்தத் தொகையா, விற்பனையில் பங்கா, எத்தனை வருடம், மூலக் கோப்புகளை எப்போது ஒப்படைப்பார், ஒவ்வொரு இதழிலும் அவர் பெயர் எங்கே வரும். கடைசியாகச் சொன்னதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். பொருளாதார உரிமையை விற்ற பிறகும், தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை வரைந்தவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. பங்கு கொடுப்பதானால் "இலாபத்தில்" என்று எழுதாதீர்கள், விற்ற பிரதியின் எண்ணிக்கையில் எழுதுங்கள். இலாபம் என்றால் என்ன என்று பிறகு சண்டை வரும்.

கதை எழுதியவர், குரல் கொடுத்தவர், பாட்டுக்கு இசை போட்டவர் எல்லோரோடும் இதே மாதிரி ஒரு பக்கக் கடதாசியாவது வேண்டும். டவுனில் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டால் மற்றவர்களுக்கும் அதையே திருத்திப் பாவிக்கலாம். கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிப்புரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். பேரப்பிள்ளைகள் வரை போகிற சமாச்சாரம் என்பதால் வாய்ப்பேச்சில் விட முடியாது.

2. பெயரைத் தேடிவிட்டு விண்ணப்பியுங்கள்

படத்துக்குப் பதிவு வேண்டாம் என்றாலும், பாத்திரத்தின் பெயரையும் சஞ்சிகையின் தலைப்பு எழுத்தையும் வியாபாரக் குறியாகப் பதிந்துகொள்ளலாம். இடம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.

பொருட்கள் இங்கே வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சஞ்சிகை, ஸ்டிக்கர், அப்பியாசக் கொப்பி எல்லாம் 16ஆம் வகுப்பு. பாடசாலைப் பை 18. தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி 21. டீஷர்ட், தொப்பி 25. விளையாட்டுப் பொருள் 28. வீடியோ நிகழ்ச்சி 41. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடப் போனால் சஞ்சிகை அடிக்கக் காசு இருக்காது. நான் என்றால் 16க்கு முதலில் போடுவேன். பை உண்மையிலேயே விற்கத் தொடங்கினால் 18.

அவசரப்பட்டு விண்ணப்பிக்காமல், அதே பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று அங்கேயே கட்டணம் கட்டித் தேடச் சொல்லுங்கள். பொருளை விவரிக்கும் பொதுவான பெயர்களைக் குறியாகப் பதிவது கஷ்டம். "சிறுவர் கதை" என்ற பெயரை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாக உருவாக்கிய பெயர்தான் வலுவானது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வரும். அதன்பிறகு மூன்று மாதம் மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முழுவதும் முடிய வருடக்கணக்கில் இழுக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை வியாபாரத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. விண்ணப்ப இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் போதும். ஆனால் பதிவு வருமுன் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடும் குறியை அழகுக்காகக்கூடப் போடாதீர்கள். பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

3. வியாபாரப் பதிவும் தோட்டத்து முகவரி என்கிற தலைவலியும்

வங்கிக் கணக்கு, கூரியர் ஒப்பந்தம், கடைகளுக்குக் கொடுக்கும் பில் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். நுவரெலியா, கண்டி, மாத்தளை என்றால் மத்திய மாகாணம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்றால் ஊவா. மாகாணத்துக்கு மாகாணம் படிவம் மாறும். எதுவானாலும் தொடக்கம் உங்கள் பிரதேச செயலகம்தான். எங்கள் வீட்டில் இன்னும் ஏஜிஏ ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்பகமுவ, நுவரெலியா பிரிவுகளிலிருந்து நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் வந்த பிறகு எந்தத் தோட்டம் எங்கே போயிருக்கிறது என்பது பலருக்குக் குழப்பம். கிராம சேவகரிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். நான் கினிகத்தேனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

கேட்கும் கடதாசிகள்: பூர்த்தி செய்த விண்ணப்பம், கிராம சேவகர் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வியாபாரம் நடக்கும் இடத்துக்கான அத்தாட்சி. முதல் மூன்றும் லேசு. நான்காவதில்தான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறோம். உறுதிப்பத்திரம் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, கரண்ட் பில்லும் பலருக்குச் சொந்தப் பெயரில் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அதற்காக ஆபீஸ் வாசலில் நான் நின்ற மூன்று காலைகளையும் அம்மா இழந்த அரைப் பேர்களையும் (அரை நாள் சம்பளம்) கூட்டிப் பார்த்தால், டவுனில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பதே இலாபம்.

கடைசியில் அதைத்தான் செய்தோம். தெரிந்த ஒருவரின் கடையில் ஒரு மேசை போடும் அளவு இடம். அவரிடமிருந்து சம்மதக் கடிதமும், அந்தக் கட்டடத்துக்கு நகர சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியும் வாங்கிக் கொடுத்தோம். வேலை முடிந்தது. டவுன் முகவரியில் இன்னொரு நன்மை, கடிதம் நேராக வரும். தோட்டத்துக்கு வரும் தபால், தோட்ட ஆபீஸில் எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வியாபாரக் குறி சம்பந்தமாகப் பதில் கேட்டு வரும் கடிதத்துக்குக் கெடு உண்டு. அது ஆபீஸ் அலுமாரியில் தூங்கினால் உங்கள் காசு போனது போனதுதான்.

பெயர் எழுத்துகளைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் இராமையா, அடையாள அட்டையில் ராமய்யா, வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு கோலம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விளங்காத சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் ஒன்றும் எடுத்துவிடுங்கள். அதற்குக் காசு இல்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம். நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்ட வேண்டிய வியாபார வரி உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சஞ்சிகைக்கு மட்டும் வேண்டிய பதிவுகள்

மூன்று இடமும் கொழும்பு 7இல் இருக்கின்றன. ஒரே பயணத்தில் முடிக்கலாம். இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் இறங்குங்கள். காசு கட்டும் கவுண்டர் பிற்பகலில் சீக்கிரமே மூடிவிடும் என்று நினைத்துக்கொண்டே நடங்கள்.

தேசிய சுவடிகள் திணைக்களம்: தொடர்ந்து வரும் வெளியீடுகளின் பதிவு இங்கே. அச்சகமும் இங்கே பதிந்த அச்சகமாக இருக்க வேண்டும். அச்சான பிரதிகளை அச்சிட்டவர் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அச்சகக்காரர் "அதெல்லாம் யார் பார்க்கிறது" என்பார். பார்க்கிறார்களோ இல்லையோ, கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இதழிலும் அச்சிட்டவர் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி கட்டாயம் இருக்கட்டும். எங்கள் முதல் இதழில் சிறுத்தையின் வால் அந்த வரியை மறைத்துவிட்டது.

தேசிய விஞ்ஞான மன்றம், மெயிட்லண்ட் பிளேஸ்: சஞ்சிகைகளுக்கான ஐ.எஸ்.எஸ்.என் எட்டு இலக்க எண் இங்கே.

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, சுதந்திர மாவத்தை: இது தனிப் புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். இலங்கைப் புத்தகங்களில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் 13 இலக்கம்.

இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு நான் முதலில் நூலகத்துக்குத்தான் போனேன். மாதா மாதமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வருவதற்கு முதல் எண். ஆண்டு மலர் மாதிரி ஒரு கதைப் புத்தகம் தனியாகப் போட்டால் இரண்டாவது. சஞ்சிகையின் பெயரை மாற்றினால் ஐ.எஸ்.எஸ்.என்னும் புதிதாக எடுக்க வேண்டிவரும். பெயரை முடிவு செய்துவிட்டுப் போங்கள். சுப்பர் மார்க்கெட்டில் வைப்பதானால்தான் பட்டைக்கோடு தேவை. நம் கடைகளில் யாரும் கேட்க மாட்டார்கள்.

5. அச்சகத்துக்குப் போகும் முன்

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம், நடுவில் இரண்டு பின். அதுதான் தொடங்குபவருக்கு ஏற்ற அளவு. ஒஃப்செட் அச்சில் பிளேட் செலவு ஒரே அளவுதான், 300 அடித்தாலும் 1000 அடித்தாலும். அதனால் அச்சகக்காரர் "இன்னும் கொஞ்சம் காசு போட்டால் ஆயிரமாகவே அடிக்கலாமே" என்று கேட்பார். கணக்கு சரிதான். அந்தக் கணக்கை நம்பி அடித்ததுதான் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. முதல் இதழுக்கு டிஜிட்டலில் 200 அல்லது 300 போதும். ஒரு பிரதிக்கு விலை கூடும், ஆனால் மொத்தமாக நட்டப்படுவது குறையும்.

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். நாம் ஃபோனில், கணினியில் அடிப்பது யூனிகோட். அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருப் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் கோப்பை அவர்கள் திறந்து "சின்னத் திருத்தம்" செய்தால், தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், அல்லது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். எங்கள் அட்டையில் "கொழுந்து" உடைந்து, கொம்பு தனியாக முந்திக்கொண்டு நின்றது. ஆயிரம் பிரதியிலும். கோப்பை பி.டி.எஃப் ஆக்கும் முன் எழுத்துகளையெல்லாம் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். திருத்தம் வேண்டுமானால் நீங்களே செய்து புதுக் கோப்பு கொடுங்கள். அச்சகத்தில் யாரையும் தொடவிடாதீர்கள்.

வெட்டும் ஓரத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். திரையில் தெரியும் நிறம் கடதாசியில் வராது. எங்கள் குட்டியின் செம்மஞ்சள், செங்கல் நிறமாகிவிட்டது. மாதிரிப் பிரதி ஒன்று அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதில் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிழை வந்தால் யார் பக்கம் பிழை என்று பேச ஒரு சாட்சி.

நிறந்தீட்டும் பக்கத்தைப் பளபளப்பான ஆர்ட் கடதாசியில் போட வேண்டாம். கிரேயோன் வழுக்கும், கலர் பென்சில் ஏறவே ஏறாது. உள்ளே 80 ஜி.எஸ்.எம் பேங்க் கடதாசி, அட்டைக்கு மட்டும் ஆர்ட். அதைவிட மெல்லியதாகப் போனால் புதிரின் விடை பின்பக்கத்தில் தெரியும். பிள்ளைகள் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசகர் பிள்ளைகளின் புகைப்படம் போடுவதானால் தாய் தகப்பனின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். பெயரும் வகுப்பும் போதும். தோட்டம், லயம் என்று முழு முகவரி வேண்டாம்.

6. விலைக் கணக்கு

ஒரு பேச்சுக்கு, விலை 200 ரூபா, அச்சு 70 ரூபா என்று வைத்துக்கொள்வோம். "130 இலாபம்!" என்றுதான் நாங்களும் குதித்தோம். இப்படிப் போடுங்கள்: கடைக்காரருக்கு 30 சதவீதம், அதாவது 60 ரூபா. பஸ்ஸில் பார்சல் போட, ஏற்றி இறக்கப் பிரதிக்கு 10 ரூபா. பத்துப் பிரதி கொடுத்தால் மூன்று திரும்பி வரும் என்று எடுங்கள். விற்ற ஏழுக்குக் கைக்கு வருவது 980. பத்தையும் அடித்த செலவு 700, பார்சல் 100. மிச்சம் 180. அடித்த பிரதிக்கு 18 ரூபா. அதில்தான் ஓவியருக்கு, கதைக்கு, உங்கள் ஃபோன் கார்டுக்கு.

இதனால்தான் சந்தா முக்கியம். நேரே வீட்டுக்குப் போகும் பிரதியில் கடைக் கழிவும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. ஆனால் இரண்டு இதழ் குறித்த திகதியில் வெளியே வரும்வரை யாரிடமும் வருடச் சந்தா வாங்காதீர்கள். மாத இதழ் என்றும் அறிவிக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஆறு என்றாலே மூச்சு வாங்கும். பிள்ளையின் கையில் 300 ரூபாவைக் கொடுத்தனுப்பிய தாய்க்கு "அடுத்த மாதம் வரும்" என்று பதில் சொல்வது எவ்வளவு வெட்கம் என்று எனக்குத் தெரியும்.

7. பொருட்களில் எதை முதலில் போடலாம்

ஸ்டிக்கர் தாள். செலவு குறைவு, எடை இல்லை, சஞ்சிகைக்குள்ளேயே வைத்துவிடலாம். அப்புறம் கொப்பியில் ஒட்டும் பெயர்ச் சீட்டு. ஜனவரியில் இது மட்டும் எங்களுக்குப் பத்தவில்லை.

பை போடுவதானால் படத்தைவிட ஸிப்பைப் பாருங்கள். அதைவிட மழை உறையைப் பாருங்கள். தோட்டத்தின் கீழ்க் கணக்கிலிருந்து (கீழ்ப் பிரிவு) பாடசாலைக்கு மழையில் நடக்கிற பிள்ளை, பைக்கு மேலே யூரியா உறையைக் கவிழ்த்துக்கொண்டுதான் போகிறது. உறை இல்லாத எங்கள் பையை ஒரு தாய் கடையில் வைத்தே திருப்பிக் கொடுத்தார்: "படம் வடிவுதான் தம்பி, கொப்பி நனையுமே." அடுத்த தொகுதியில் மழை உறையில்தான் சிறுத்தையைப் போட்டோம். மழை நாளில் சாலை நெடுக எங்கள் குட்டிதான்.

டீஷர்ட்டில் கவனம். ஐந்து அளவு, இரண்டு நிறம் என்றால் அது பத்துப் பொருள். ஒன்று தீர்ந்தால் மற்ற ஒன்பதும் தேங்கும். வெப்பத்தில் ஒட்டும் அச்சு மலிவு. ஆனால் நம் வீடுகளில் துணி துவைப்பது பீலிக் கல்லில் (தண்ணீர் விழும் குழாயடிக் கல்), பிரஷ் போட்டு. மூன்று துவையலில் எங்கள் சிறுத்தைக்கு ஒரு காது போய்விட்டது. ஸ்கிரீன் பிரிண்டில் அடித்த மாதிரி ஒன்றை வாங்கி, நீங்களே பத்துத் தடவை பீலியில் அடித்துத் துவைத்துப் பார்த்துவிட்டு ஓடர் கொடுங்கள்.

பஞ்சு பொம்மைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். பொத்தான் கண், மணி மூக்கு என்று பிய்ந்து வரக்கூடிய எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தொண்டைக்கு ஆபத்து. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகம்) ஒரு குழந்தை எங்கள் சாவிக் கொத்துப் பொம்மையின் கண்ணை வாயில் போட்டிருந்ததை ஆயா பார்த்து எடுத்தார். அன்றோடு அந்தப் பொருளை நிறுத்தினோம்.

எல்லாப் பொருளிலும் விலையைப் போடுங்கள். கடையில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும், கேட்டவருக்குப் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் சட்டத்தில் இருக்கிறது. திருவிழாக் கடைதானே என்று விட வேண்டாம்.

8. எங்கே, எந்த நாளில்

மாதம் 10ஆம் திகதி வாக்கில் தோட்டத்துச் சம்பளம். அதற்குப் பின் வரும் சனி, ஞாயிறுதான் உங்கள் நாள். 20ஆம் திகதிக்குப் பிறகு இதழைக் கடையில் வைத்தால் அடுத்த சம்பளம்வரை தூசி படியும். எங்கள் வெளியீட்டுத் திகதியையே 8க்கு மாற்றிக்கொண்டோம். தீபாவளி, ஜனவரி, தோட்டத்து அம்மன் கோவில் திருவிழா, இந்த மூன்றும் பெரிய காலம். திருவிழா மார்ச் தொடக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு நாளில் வரும். கோவில் கமிட்டியிடம் முதலே சொல்லி இடம் பிடியுங்கள்.

பாடசாலை வாசலுக்கு நேராகப் போகாதீர்கள். அதிபரின் சம்மதம் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மாதிரி இதழ், விலை, எந்தெந்தப் பாடசாலை என்ற பட்டியல் மூன்றையும் இணைத்துக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். நூலகத்துக்கு இரண்டு பிரதி இலவசமாகக் கொடுத்துத் தொடங்கியது எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது.

கடைக்குக் கொடுக்கும்போது காபன் வைத்த புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புது இதழ் கொடுக்கும்போதே பழையதைத் திருப்பி எடுத்துக் கணக்கை முடியுங்கள். "பிறகு பார்ப்போம் தம்பி" என்றால், புது இதழும் பிறகுதான்.

உங்கள் குட்டியை யாராவது களவாக அடித்து விற்றால் முதலில் ஒரு பிரதியை பில்லோடு வாங்கி வையுங்கள். பிறகு சட்டத்தரணிக் கடிதம். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடம் உண்டு என்பதை அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆனால் படம் உங்களுடையது என்று காட்ட, முதலாம் படியில் சொன்ன கடதாசிதான் வேண்டும்.

காலக் கணக்கு: ஜனவரி விற்பனைக்கு, ஓவியர் ஒப்பந்தமும் பெயர்த் தேடலும் ஜூனில், வியாபாரப் பதிவு ஜூலையில், கொழும்புப் பயணம் ஓகஸ்டில், சின்ன முதல் இதழ் ஒக்டோபரில். பெயர்ச் சீட்டும் பையும் நவம்பர் நடுப்பகுதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். அந்த மாதத்தில் அடைமழை, மண்சரிவு என்று ரோட்டு மூடினால் கொழும்பில் பார்சல் கிடக்கும், நீங்கள் இங்கே கிடப்பீர்கள்.

9. ஈரம்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள், கொழும்பு அச்சகத்துக்குத் தெரியவும் தெரியாது. மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் மே பிடித்தால் செப்டெம்பர்வரை சுவரே வியர்க்கும். கடதாசி அந்த ஈரத்தை அப்படியே உறிஞ்சும்.

பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அச்சகத்திலேயே 25 பிரதியாகப் பொலித்தீனில் சுற்றித் தரச் சொல்லுங்கள். மை முழுதாகக் காய்ந்த பிறகு சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அட்டைகள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அக்கம்பக்கத்தில் சேர்த்து, கட்டுக்கு இரண்டு போடுங்கள். ஸ்டிக்கர் தாளைத் தட்டையாக வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். நிமிர்த்தி வைத்தால் சுருண்டு, பசை ஓரத்தில் கழன்றுவிடும். வெயில் வரும் நாளில் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றுப் படவிட்டு, மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கும் முன் மூடிவிடுங்கள்.